ஐடிஐ முடிச்சிட்டு லிஃப்ட் வேலைக்குப் போலாமா? அப்பா வேணாங்கிறார்

தம்பி, நீங்க கேட்டிருக்கறது மூணு கேள்வி. எலக்ட்ரீஷியன் ஐடிஐ முடிச்சிருக்கேன், சென்னையில லிஃப்ட் எரெக்ஷன் (புதுசா லிஃப்ட் மாட்டற வேலை) டீம்ல ஹெல்பரா கூப்பிடறாங்க, சம்பளம் தேறுமா, பின்னாடி வெளிநாடு போக முடியுமா, டூல்ஸ் சொந்தமா வாங்கணுமா. அதுக்கு அப்புறம் போற போக்குல ஒரு வரி போட்டிருக்கீங்க, "உயிருக்கு உத்தரவாதம் இல்லாத வேலைன்னு அப்பா சொல்றார்"னு. எனக்கென்னமோ உங்க கேள்வியே அந்தக் கடைசி வரிதான்னு தோணுது, அதனால அதுலேருந்தே ஆரம்பிக்கிறேன். 2002ல நானும் எரெக்ஷன் ஹெல்பராத்தான் சேந்தேன், மூணு வருஷம் ஷாஃப்டுக்குள்ளயே (லிஃப்ட் ஏறி எறங்கற கூண்டு) கெடந்தேன், அப்புறம் சர்வீஸ்ல ரூட் மெக்கானிக், இப்ப சூப்பர்வைசர். அபார்ட்மென்ட், ஆஸ்பத்திரி, சின்ன ஆபீஸ், இதுதான் நான் பாத்த உலகம். எஸ்கலேட்டர்ல அவ்வளவா கை வெச்சதில்ல, முப்பது மாடி நாப்பது மாடி ஹைஸ்பீடு லிஃப்டும் அப்படித்தான், அதைப் பத்தி நான் பேசினா கேள்வி ஞானமாத்தான் இருக்கும், அதனால விட்டுடறேன்.

அப்பா மனசுல ஓடறது அனேகமா ரோப் அறுந்து லிஃப்ட் கீழ விழற சீனா இருக்கும். நிஜத்துல அது ரொம்ப ரொம்ப அபூர்வம். ரோப் ஒண்ணு இல்ல, மூணு நாலு இருக்கும், தாங்க வேண்டிய எடையப் போல 12 மடங்கு தாங்கற மாதிரி கணக்கு போட்டுத்தான் மாட்டறாங்க. அதையும் மீறி வேகம் எகிறிச்சுன்னா வேகத்தக் கண்காணிக்கற கவர்னர் பூட்டிக்கும், காருக்கு, அதாவது ஆள் நிக்கற பெட்டிக்கு, அடியில இருக்கற சேஃப்டி கியர் ரெண்டு பக்கமும் நெட்டா நிக்கற இரும்பு ரெயிலக் கவ்விக்கிட்டு நின்னுடும். 1854ல நியூயார்க் கண்காட்சியில எலிஷா ஓட்டிஸ் ஒரு மேடையில ஏறி நின்னுக்கிட்டு மேல இருக்கற கயித்த வெட்டச் சொல்லி விழாம நின்னு காமிச்சாரே, அந்த யோசனையோட பேரன்தான் இன்னிக்கு நம்ம கார் அடியில உக்காந்திருக்கு. இன்னொண்ணு, எதிர்ப்பக்கம் தொங்கற கவுண்டர்வெயிட்ட காலி காரோட எடை, அதுமேல ஃபுல் லோடுல கிட்டத்தட்ட பாதின்னு சேத்துத்தான் வெப்பாங்க. 6 பேர் லிஃப்டுன்னா 408 கிலோ, ஆளுக்கு 68 கிலோ கணக்கு. அதுல பாதின்னா எதிர்ப்பக்கம் ஏறக்குறைய 200 கிலோ கூடுதலா தொங்குது. அதனால உள்ள ஒருத்தர் மாட்டிக்கிட்டிருக்கும்போது பிரேக்கக் கையால விடுவிச்சா கார் கீழ வராது, மேலதான் போகும். மொத தடவை பாத்தப்ப நானே மிரண்டு போய் பிரேக் லிவர்லேருந்து கைய எடுத்துட்டேன், சீனியர் சிரிச்சார்.

ஆக, லிஃப்ட்ல போறவங்க பெருசா பயப்பட ஒண்ணுமில்ல, ஆபத்து அதிகம் லிஃப்டுல வேலை பாக்கறவனுக்குத்தான். இதை அப்பாகிட்ட மறைக்காதீங்க. கதவைத் திறந்த உடனே கார் நிக்குதான்னு பாக்காம கால வெச்சு ஷாஃப்டுல விழறது, கார் டாப்ல ஏறினவன் ஸ்டாப் ஸ்விட்சு போடாம, வெளி பட்டன் வேலை செய்யாத இன்ஸ்பெக்ஷன் மோடுக்கு மாத்தாம வேலை பாத்துட்டிருக்கும்போது கீழ யாரோ பட்டன அமுக்கி வண்டி கெளம்பிடறது, ஷாஃப்டுக்கு அடியில இருக்கற பிட்டுங்கற பள்ளத்துக்குள்ள குனிஞ்சு பெருக்கிட்டிருக்கறவன் முதுகுக்கு மேல கவுண்டர்வெயிட் சத்தமே இல்லாம எறங்கறது, மெயின் ஆஃப் பண்ணிட்டோமேன்னு மோட்டார் வேகத்த அடக்கற டிரைவ்ல கைய வெக்கறது. டிரைவ்ல இருக்கற கெபாசிட்டர்ல 500 வோல்ட்டுக்கு மேல டிசி நிக்கும், மெயின் ஆஃப் பண்ணாலும் உடனே இறங்காது, சில நிமிஷம் காத்திருந்து மீட்டர வெச்சுப் பாத்துட்டுத்தான் தொடணும். கவனிச்சுப் பாருங்க, இதுல ஒண்ணுகூட மெஷின் சதி பண்ணி நடக்கறதில்ல, எல்லாத்துக்கும் ஒரு ஸ்விட்சு இருக்கு, ஒரு வழக்கம் இருக்கு, அவசரத்துல யாரோ ஒருத்தர் அதைத் தாண்டிப் போறார், அவ்வளவுதான்.

எல்லாத்தையும்விட நான் பயப்படறது ஜம்பர் ஒயருக்குத்தான், எங்க பாஷையில டோர் லாக் ஷார்ட். ஒவ்வொரு மாடிக் கதவுலயும் லாக்குக்கு ரெண்டு வேலை. ஒண்ணு, கார் அங்க இல்லாதப்ப கதவு திறக்காம பூட்டி வெக்கறது. ரெண்டு, கதவு சாத்தியிருக்குன்னு கரண்ட் மூலமா லிஃப்ட்ட ஓட்டற கண்ட்ரோலர் பெட்டிக்கு சொல்றது. எல்லா மாடி கான்டாக்டும் சீரீஸ்ல வரும், ஒண்ணு சேரலன்னாலும் வண்டி நகராது. எந்த மாடியில கோளாறுன்னு கண்டுபுடிக்க மெக்கானிக் ஒரு துண்டு ஒயர் போட்டு அந்த லைன ஷார்ட் பண்ணிப் பாப்பான். பழுது பாக்கற நேரத்துல நிதானத்தோட செய்ய வேண்டிய வேலை அது. ஒயர எடுக்க மறந்துட்டா கதவு திறந்து கெடந்தாலும் லிஃப்ட் ஓடும்.

2006ல ஐப்பசி மாசம், வேளச்சேரிப் பக்கம் நாலு மாடி அபார்ட்மென்ட், கையால இழுத்துத் திறக்கற பழைய கதவு. நல்ல மழை, நைட்டு ஒன்பதரைக்கு கால். மொட்டை மாடி மெஷின் ரூம்ல ஜம்பர் போட்டுப் பாத்தேன், ரெண்டாவது மாடி கான்டாக்ட் கருகியிருந்துச்சு, எமரி தாள் போட்டுத் தேச்சு திரும்ப மாட்டினேன், ரெண்டு தடவை மேலயும் கீழயும் ஓட்டிப் பாத்தேன், நல்லா ஓடுச்சு (ஜம்பர் கெடக்கும்போது ஓடாம என்ன பண்ணும்?), செக்ரட்டரிகிட்ட கையெழுத்து வாங்கிட்டு கெளம்பிட்டேன். விஜயநகர் பஸ் ஸ்டாண்டுகிட்ட டீக்கு காசு எடுக்க பாக்கெட்டுல கைய விட்டப்பத்தான் ஜம்பர் இல்லைன்னு தெரிஞ்சுது. டீயை அப்படியே வெச்சிட்டு மழையில திரும்பப் போனேன். ரெண்டாவது மாடியத் தாண்டும்போது பாக்கறேன், கதவு ரெண்டு விரக்கடை திறந்தே நிக்குது, கார் நாலாவது மாடியில. இடுக்கு வழியா ஷாஃப்ட் இருட்டு தெரியுது, பக்கத்துல யாரோ ஒரு சின்னப் பையனோட மூணு சக்கர சைக்கிள். எனக்கு கால் நடுங்கிடுச்சு. யாருக்கும் ஒண்ணும் ஆகல, ஆனா அதுல என் சாமர்த்தியம் எதுவுமில்ல.

மறுநாள் எங்க சீனியர்கிட்ட சொன்னேன், ஆஃபீஸ்ல வேற யார்கிட்டயும் சொல்ல தைரியமில்ல. அவர் திட்டல, பையிலேருந்து அவரோட ஜம்பர எடுத்துக் காட்டினார். ஒரு கை நீளத்துக்கு நல்ல ரத்தச் சிவப்பு ஒயர், நடுவுல ஒரு வளையம், அந்த வளையத்துல அவரோட பைக் சாவி. ஜம்பர் போடறப்பவெல்லாம் சாவியும் கண்ட்ரோலர்ல தொங்கும், ஒயர எடுக்காம அவரால வீட்டுக்கே போக முடியாது. இந்த மாதிரி விஷயம் எந்த மேனுவல்லயும் கெடையாது. இதனாலதான் யார் கேட்டாலும் நான் ஒரே பதில் சொல்றேன்: கம்பெனி பெருசா சின்னதான்னு பாக்கறது ரெண்டாவது, மொத ரெண்டு வருஷம் யார் பின்னாடி பை தூக்கிட்டு நடக்கப் போறீங்கன்னு மொதல்ல பாருங்க. பெரிய போர்டு மாட்டின கம்பெனியிலயும் வேலைய சப் காண்ட்ராக்டருக்கு விட்டிருப்பாங்க, அந்த டீம்ல பெல்ட் போடச் சொன்னா "பயந்தாங்கொள்ளி"ன்னு கிண்டல் பண்ற ஆள் இருந்தா மேல தொங்கற பேர் உங்களக் காப்பாத்தாது. சின்ன டீமா இருந்தும் கார் டாப்ல ஏறும்போது ஒவ்வொரு ஸ்டெப்பையும் வாய் விட்டுச் சொல்லிட்டே ஏறற ஆளுங்களயும் நான் பாத்திருக்கேன். அதனால இன்டர்வியூ போறப்ப கூச்சப்படாம கேளுங்க, யார் கூட அனுப்புவீங்க, சைட்டுக்கு தனியாளா அனுப்புவீங்களா, ஹார்னஸும் ஹெல்மெட்டும் என் பேருக்குத் தருவீங்களா, பிஎஃப் ஈஎஸ்ஐ எந்த மாசத்துலேருந்துன்னு. மூஞ்சி சுளிச்சாங்கன்னா அங்கயே உங்களுக்கு பதில் கெடச்சிடுச்சு.

இப்ப வேலைக்கு வருவோம். எரெக்ஷன்னா மொத ஆறு மாசம் சுமக்கறதுதான். ரெயில் ஒரு லெங்த் 5 மீட்டர், கார் பக்கம் சாதாரணமா போடற சைஸே ஏறக்குறைய 60 கிலோ வரும், அதை ரெண்டு பேர் தோள்ல போட்டுட்டு தட்டு முட்டுச் சாமான் கெடக்கற சைட்டுக்குள்ள கொண்டு போகணும். ஆனா அந்த ஆறு மாசத்துலயும் கண்ண திறந்து வெச்சிருந்தா கத்துக்கலாம். மேல டெம்ப்ளேட்னு ஒரு அளவுச் சட்டம் கட்டி பியானோ ஒயர்ல தூக்குக்குண்டு எறக்குவாங்க, ஷாஃப்டுல காத்து வந்துட்டே இருக்கும், குண்டு ஆடிக்கிட்டே இருக்கும், அதை நிறுத்த ஒரு பக்கெட்ல பழைய ஆயில் ஊத்தி குண்ட அதுக்குள்ள முக்கி வெப்பாங்க, ஆட்டம் அடங்கும். அந்த ஒயருதான் எல்லாத்துக்கும் அம்மா. ரெயில், கதவு, கதவு ஓடற அடிப்பட்டையான சில் எல்லாம் அதை வெச்சுத்தான் அளக்கணும். சிவில் ஆளுங்க கட்டின சுவர் நேரா இருக்கும்னு நம்பி வந்தீங்கன்னா ஏமாந்தீங்க, அஞ்சாவது மாடிக்குப் போறப்ப மூணு சென்டிமீட்டர் சாஞ்சிருக்கும், அதையெல்லாம் பிராக்கெட்லயும் ஷிம்லயும்தான் (இடைவெளியில சொருகற தகடு) சரிக்கட்டணும். ரெண்டு ரெயில் சேர்ற ஜாயின்டுல நகத்தால தடவிப் பாருங்க, தட்டுச்சுன்னா பின்னாடி காருக்குள்ள நிக்கறவன் காலுக்கும் அது தட்டும். சர்வீஸ்ல இருபது வருஷம் இருந்தாலும் எரெக்ஷன் பாக்காதவனுக்கு லிஃப்ட் ஏன் ஆடுதுன்னு பாதிதான் புரியும், அதனால ஹெல்பர் வேலைன்னு தாழ்வா நெனைக்காதீங்க, ரெண்டு மூணு வருஷம் இருந்துட்டு சர்வீஸுக்கு மாறுங்க.

சர்வீஸ் வேற மாதிரி. ஒரு ஏரியா உங்க ரூட்டு, மாசா மாசம் எல்லா லிஃப்டையும் பாக்கணும், நடுவுல பிரேக்டவுன் வந்தா ஓடணும், வாரத்துல சில நாள் நைட் ஸ்டேண்ட்பை. கம்ப்ளைன்ட்ல பெரும்பகுதி கதவுதான், மெஷினோ மோட்டாரோ இல்ல. சில் பள்ளத்துல ஒரு ஜல்லிக்கல் மாட்டினா போதும் கதவு சாத்தாது. ஆயுத பூஜை முடிஞ்ச மறுநாள் லீவு கேக்காதீங்க, எந்த மெக்கானிக்குக்கும் கெடைக்காது, ஏன்னா பக்தியோட கதவு ஓரம் பூரா சந்தனம் குங்குமம் வெச்சிருப்பாங்க, அது போய் சென்சார் மேல உக்காந்திருக்கும், யாரோ குறுக்க நிக்கறாங்கன்னு நெனச்சு கதவு திறந்து திறந்து சாத்திட்டிருக்கும். ஈரத்துணிய எடுத்துட்டுப் போனா போதும். இன்னொரு தமாஷ், தெருவுல ஈபி ஆளுங்க கேபிள் வேலை பாத்துட்டு மூணு ஃபேஸோட வரிசைய மாத்தி குடுத்துட்டுப் போயிடுவாங்க, வீட்டுல லைட் ஃபேன் எல்லாம் ஜம்முன்னு ஓடும், லிஃப்ட் மட்டும் நிக்கும், ஃபேஸ் ரிவர்சல் ரிலேங்கற காவல் ஸ்விட்சு விடாது. விட்டா மோட்டார் தலைகீழா சுத்துமே. வீட்டுக்காரங்க "கரண்ட் இருக்கே, உங்க லிஃப்ட்தான் சரியில்ல"ன்னு சண்டைக்கு வருவாங்க. அதனால நான் போன்லயே மொதல்ல கேக்கறது "காலையில ஈபி வேலை எதாவது நடந்துச்சா சார்"ங்கறதுதான். 2015 டிசம்பர் வெள்ளம், 2023 டிசம்பர் மிக்ஜாம், ரெண்டு தடவையும் பிட்டு பூரா தண்ணி, எத்தனை பிட்டு இறைச்சோம்னு கணக்கே இல்ல. மழைக்கு முன்னாடியே காரை மேல் மாடியில நிறுத்தி மெயின ஆஃப் பண்ணி வெச்ச வாட்ச்மேன் இருந்த கட்டடத்துல நஷ்டம் பிட்டு ஸ்விட்சோட முடிஞ்சுது, மத்த இடத்துல கார் கதவு மோட்டார், காரோட தொங்கற டிராவலிங் கேபிள், எல்லாம் போச்சு.

சம்பளம் கேட்டீங்க. நம்பர் ஒண்ணு சொல்லி உங்களத் தப்பா நடத்த விரும்பல, கம்பெனி ரோலா காண்ட்ராக்டர் ரோலாங்கறதப் பொறுத்து அதே வேலைக்கு அதே ஊர்ல ரொம்ப வித்தியாசம் இருக்கு. நிச்சயமாத் தெரிஞ்சத மட்டும் சொல்றேன்: ஆரம்பத்துல ஒரு எலக்ட்ரீஷியன் கடையில நிக்கறவனுக்கும் உங்களுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. கையில வர்றதுல ஓவர்டைம், ஸ்டேண்ட்பை காசு, பேட்டா ஒரு நல்ல பங்கு, பேசிக் கம்மியாத்தான் இருக்கும், அதனால "மொத்தம் இவ்வளவு"ன்னு சொல்றப்ப பேசிக் எவ்வளவுன்னு தனியா கேளுங்க. தனியா ஒரு லிஃப்ட்ட கமிஷனிங் பண்ணி (ஓட்டிச் சரிபாத்து) ஹேண்ட் ஓவர் குடுக்கத் தெரிஞ்ச அன்னிக்குத்தான் பேரம் பேசற பலம் வரும். அதுக்கு நாலஞ்சு வருஷம் ஆகும், சில பேருக்கு வரவே வராது, அவங்க டிராயிங் படிக்கக் கத்துக்காதவங்க. முட்டி, முதுகு ரெண்டும் நாப்பத்தஞ்சுக்கு மேல பேச ஆரம்பிக்கும், அதுக்குள்ள சூப்பர்வைசரோ, கடைசியா ஓட்டிச் சரிபண்ற அட்ஜஸ்டரோ ஆகிடணும்.

படிப்பைப் பொறுத்தவரை உங்க எலக்ட்ரீஷியன் ட்ரேடே போதும். லிஃப்ட் அண்ட் எஸ்கலேட்டர் மெக்கானிக்னு ரெண்டு வருஷ ஐடிஐ ட்ரேடே தனியா இருக்கு, ஆனா அதை நடத்தற ஐடிஐ கொஞ்சம்தான், இதுக்காக மறுபடி ரெண்டு வருஷம் உக்கார வேணாம், கம்பெனி அப்ரன்டிஸா எடுத்தா அதுவே மேல். தமிழ்நாடு லிஃப்ட் சட்டம் 1997ல வந்தது, அதுபடி லிஃப்ட் போடறதுக்கு அனுமதியும் ஓட்டறதுக்கு லைசன்ஸும் மின் ஆய்வுத்துறையிலதான் வாங்கணும். ஹெல்பர் ஏன் இதைத் தெரிஞ்சுக்கணும்னா, இன்ஸ்பெக்டர் வர்ற அன்னிக்கு அவர் பக்கத்துலயே நில்லுங்க. எதை எதைத் தொட்டுப் பாக்கறார், எந்த ஸ்விட்ச அமுக்கிப் பாக்கறார்னு கவனிச்சா, ஒரு லிஃப்டுல எது உயிர் எது மேக்கப்னு ஒரே மத்தியானத்துல புரிஞ்சிடும்.

வெளிநாடு போலாம். துபாய், சவுதி, கத்தார், சிங்கப்பூர், எங்க போனாலும் நம்ம பசங்க ஷாஃப்டுக்குள்ள இருக்காங்க. ஆனா இங்க அஞ்சு வருஷமாவது ஓட்டிட்டு வேலை தெரியுமான்னு பாக்கற ட்ரேட் டெஸ்ட்டுல தைரியமா நிக்கற அளவுக்கு வந்துட்டு போங்க, இல்லன்னா அங்கயும் ஹெல்பர்தான், இங்கயாவது ஞாயித்துக்கிழமை வீட்டுச் சாப்பாடு. ஏஜென்ட் மத்திய அரசோட இ-மைக்ரேட் சைட்டுல பதிவு பண்ணவரான்னு பாருங்க, சட்டப்படி அவர் வாங்கக்கூடிய சர்வீஸ் சார்ஜ் 30,000 ரூபாய், மேல ஜிஎஸ்டி, அதுக்கு மேல லட்சக்கணக்குல கேட்டா எழுந்து வந்துடுங்க. காண்ட்ராக்ட்ல "லிஃப்ட் டெக்னீஷியன்"னு இருக்கா "ஹெல்பர்"னு இருக்கான்னு படிச்சுட்டு கையெழுத்து போடுங்க. அமெரிக்காவுல லிஃப்ட் மெக்கானிக்குக்கு வருஷம் ஒரு லட்சம் டாலர்னு வீடியோ வருதே, அது பொய்யில்ல, அங்க நடு சம்பளமே அதுக்கு மேலதான். ஆனா அங்க பெரும்பாலும் யூனியன் வழியா நாலு வருஷ அப்ரன்டிஸ்ஷிப்ல நுழையணும், வேலை பாக்க விசா வேணும், நம்ம ஐடிஐ சர்டிஃபிகேட்ட வெச்சு விமானம் ஏற முடியாது. அந்த வீடியோவ ஃபார்வர்ட் பண்றவங்க இதைச் சொல்ல மாட்டாங்க.

எதிர்காலம் இருக்கான்னா, கட்டடம் இருக்கறவரை இருக்கு, அதுல எனக்கு சந்தேகமே இல்ல. சந்தேகம் எங்கன்னா தனியா சின்னதா கம்பெனி வெச்சுப் பொழைக்கறது இனிமே நடக்குமாங்கறதுலதான். நான் சேந்தப்ப நெறைய இடத்துல ரிலே கண்ட்ரோலர், டக் டக்னு சத்தத்த வெச்சே எந்த ரிலே சோம்பேறித்தனம் பண்ணுதுன்னு சொல்லிடலாம். 1996ல கோனே கம்பெனி மெஷின் ரூமே இல்லாத லிஃப்ட்ட கொண்டு வந்தாங்க, இப்ப புது அபார்ட்மென்ட்ல பாதி அந்த மாதிரிதான், மெஷின் ஷாஃப்டு உச்சியிலயே உக்காந்திருக்கும். போர்டு எல்லாம் அந்தந்த கம்பெனி சொந்தம், அவங்க டூல் இல்லாம உள்ள எட்டிக்கூட பாக்க முடியாது. அதனால வெளியில ஏஎம்சி (வருஷ பராமரிப்பு ஒப்பந்தம்) எடுத்து ஓட்டறவங்களுக்குக் கஷ்ட காலம்னு நான் நெனைக்கிறேன், என் கணிப்பு தப்பாவும் இருக்கலாம், பழைய லிஃப்ட மாடர்னைஸ் பண்ற வேலை இன்னும் நெறைய கெடக்கு.

டூல்ஸ்: பெருசு எதுவும் வாங்காதீங்க, செயின் பிளாக், ட்ரில்லு, ஹார்னஸ் எல்லாம் அவங்க தரணும், உங்கள வாங்கிட்டு வரச் சொன்னா அந்த டீமே வேணாம். உங்க காசுல வாங்க வேண்டியது மூணுதான். நல்ல மல்டிமீட்டர் ஒண்ணு, டெஸ்டர நம்பி கைய வெக்காதீங்க. நெத்தியில மாட்டற டார்ச் ஒண்ணு, ஷாஃப்டுக்குள்ள ரெண்டு கையும் வேணும். மூணாவது, ரிச்சி ஸ்ட்ரீட்ல நல்ல சிவப்பா ஒரு மீட்டர் ஒயரும் ரெண்டு முதலைக் கிளிப்பும் வாங்கி நீங்களே ஜம்பர் கட்டிக்குங்க, ஹெல்பரா இருக்கறவரை அதை யூஸ் பண்ற வேலை உங்களுக்கு வராது, வரவும் கூடாது, ஆனா நடுவுல வளையம் வெச்சே கட்டுங்க. வண்டி இல்லன்னா வீட்டுச் சாவிய மாட்டுங்க, அதுவும் இல்லன்னா பஸ் பாஸ்.